நனையாத உடையும் அண்ணன் கட்டிய கயிறும்

பேண்டேஜ் துணியில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, அது மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ராஜபாளையத்தில் அண்ணனுடைய ஆஸ்பத்திரித் துணி யூனிட்டில் இது என் தினசரி வேலை. துணி மேலேயே மிதந்துகொண்டிருந்தால் அது இன்னும் சரியாக வேகவில்லை, பஞ்சிலிருக்கும் மெழுகு போகவில்லை, காயத்தில் வைத்தால் ரத்தத்தை உறிஞ்சாது என்று அர்த்தம். போட்ட மாத்திரத்தில் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் பாஸ். அன்றைக்குப் போட்ட துண்டு ஒரு கணம் மேலே நின்றது. ஓரம் கறுத்தது. அப்படியே உள்ளே போனது. முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய கண்மாயில் நானும் இதே மாதிரிதான் போயிருந்தேன்.

படகு கவிழ்ந்தது பெரிய விஷயமில்லை. சின்னப் பாய்மரப் படகு என்றால் கவிழத்தான் செய்யும். நிமிர்த்தி ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நான் போட்டிருந்தது பருத்திச் சுடிதார். மார்கழிக் காலை, ஓயாத வாடைக்காற்று. ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தத் துணி, தான் குடித்த தண்ணீரையெல்லாம் என் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டது. பல் தந்தியடித்தது. கரைக்கு வந்து பாய்க்கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் போனால் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. எங்கள் ஊர் வெயிலை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நானும் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள்தான்.

கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

“அண்ணே, நாம இங்க தண்ணி குடிக்கிற துணியவே பண்ணிக்கிட்டுக் கெடக்கோம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத உடுப்பு ஒண்ணு தைப்பமா?”

அண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அதுக்குப் பேரு ரெயின்கோட்டு. பஜார்ல தொங்குது.”

“ரெயின்கோட்டு மேலருந்து வாற தண்ணிக்கு. நான் சொல்லுதது, தண்ணிக்குள்ளயே விழுந்தாலும் நனையாதது.”

“ஏட்டி, விழாம ஓட்டிப் பழகு. துணி மிச்சம்.”

அப்படிச் சொன்னானே தவிர, சாயங்காலமே எனக்காக நாலு கடைக்குப் போன் போட்டவனும் அவன்தான். அண்ணன் எப்போதுமே அப்படி. வாய் கேலி பேசும், கை வேலையைப் பார்க்கும். படகையும் அப்படித்தான் கட்டினோம். கல்லூரியில் கடற்படை மாணவர் அணியில் இருந்தபோது பாய்மரம் ஓட்டப் பழகிக்கொண்டவள் நான். படிப்பு முடிந்து ஊருக்கு வந்து யூனிட்டில் துணி சோதிக்கிற வேலையில் உட்கார்ந்ததும் கைகால் சும்மா இருக்க மறுத்தது. புலம்பினேன். அண்ணன் எங்கிருந்தோ பிளைவுட் கொண்டுவந்தான். அவன் அறுத்தான், நான் ஒட்டினேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்ததும் ஒரு குட்டியானை வண்டியில் படகை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்த அண்ணாச்சி படகைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “வலை போடுற எடத்துக்கு வராமப் பாத்துக்கிடுங்க. மத்தபடி நீச்சலடிச்சாலும் சரி, ரயிலு விட்டாலும் சரி” என்று சொல்லிவிட்டார்.

உடைக்கு ஒரு அவசரமும் வந்து சேர்ந்தது. கல்லூரியில் எனக்குப் பாய்மரம் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர், மாசி மாதம் தூத்துக்குடிப் பக்கம் கரையோரமாகச் சின்னப் படகுகளில் ஒரு பயணம் ஏற்பாடு செய்கிறார் என்று செய்தி அனுப்பியிருந்தார். பகல் முழுக்கக் கடலில். அலை தெறித்துக்கொண்டே இருக்கும், காற்று அடித்துக்கொண்டே இருக்கும். வர விரும்புகிறவர்கள் சொந்தமாக நீர் புகாத உடை வைத்திருக்க வேண்டும். அதை உடுத்திக்கொண்டு படகைக் கவிழ்த்து, நிமிர்த்தி, ஏறி, கடைசியில் உள்ளே காய்ந்திருப்பதைக் காட்டுகிற வீடியோ ஒன்றை அனுப்ப வேண்டும். அது சரியாக இருந்தால் இடம் உறுதி. வெளிநாட்டு உடை வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. ஆகவே கடலுக்குப் போவதும் போகாததும் நான் தைக்கப்போகிற உடையில் இருந்தது.

வீட்டில் அம்மா சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதே தொடங்கிவிட்டாள். “கண்மாயில நனைஞ்சது காணாதுன்னு கடலுக்குப் போகணுமாக்கும் மகாராணி.”

“அவ போவா. நான் பொறுப்பு” என்றான் அண்ணன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அப்போது கவனித்தேன், ஆனால் படிக்கவில்லை. எனக்காக ஒருவன் பேசிவிட்டான் என்ற சந்தோஷம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பல நாள் பறந்தேன்.

தைக்கத் தொடங்கினேன். உள்பக்கம் பூச்சுப் போட்ட ஆரஞ்சு நிறத் துணி. ஆரஞ்சு ஏனென்றால் தண்ணீரில் ஒரு தலை தெரிவது கஷ்டம், இந்த நிறம் தூரத்திலும் கண்ணில் குத்தும். ஒரு சட்டை, நெஞ்சுவரை ஏறும் கால்சட்டை. கால்நுனியில் ரப்பர் உறை. மணிக்கட்டிலும் கழுத்திலும் மெல்லிய ரப்பர் பட்டை, தோலைக் கவ்விப் பிடிக்கிற அளவுக்கு. இடுப்பில் சட்டையின் கீழ்ப்பகுதியையும் கால்சட்டையின் மேல்பகுதியையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, அதன்மேல் எங்கள் யூனிட்டின் இழுபடும் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிவிட வேண்டும். இந்தப் பேண்டேஜ் யோசனைக்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

கஷ்டமானது தையல்தான். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. ஒவ்வொரு தையலுக்கும் உள்பக்கம் பசையுள்ள டேப்பை வைத்துச் சூடு பண்ணி ஒட்ட வேண்டும். சூடு குறைந்தால் ஒட்டாது. கூடினால் பூச்சு சுருங்கிவிடும். இடது தோள் தையலை நான் பிரித்துப் பிரித்து ஒட்டினேன். அக்குளுக்குப் போகும் வளைவில் டேப் மடிப்பு விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் டேப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மீன் செதில்போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டியபோது படிந்தது. மதினி பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே, “எங்க கல்யாணச் சட்டைக்குக்கூட நீ இம்புட்டு மெனக்கெடல பாப்பா” என்றாள்.

உள்ளே போட்டுக்கொள்வதற்குப் பழைய கம்பளி ஸ்வெட்டரைத் தேடி எடுத்தேன். பருத்தி வேண்டாம், வேர்வையோ தண்ணீரோ பட்டால் அது சில்லிட்டுப்போகும் என்று சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பஞ்சுல பொழைக்கிற வீட்டுல பொறந்துட்டு, பருத்தி ஆகாதாம் இவளுக்கு!”

தைத்து முடித்ததும் மொட்டைமாடிக் கொடியில் கால்சட்டையைத் தொங்கவிட்டு, உள்ளே தண்ணீரை ஊற்றி நிறைத்தேன். பானை வயிறுபோல உப்பிக்கொண்டு நின்றது. கீழே தாளை விரித்துவிட்டு நானும் அண்ணனும் காத்திருந்தோம். தாளில் ஒரு சொட்டு இல்லை. சட்டைக்கும் அப்படியே. பக்கத்து வீட்டு அத்தை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, தெலுங்கில் அம்மாவிடம் என்னவோ கேட்டார். அம்மா தலையிலடித்துக்கொண்டாள். நான் மாடியிலேயே குதித்தேன்.

மிச்சம் இருந்தது தோளிலும் முதுகிலும் ஒளி பட்டால் மின்னும் பட்டைகளை ஒட்டுவது. அதற்கு யூனிட்டின் பெரிய அழுத்து இயந்திரம் வசதி. சனிக்கிழமை காலையில் அங்கே கொண்டுபோய் ஒட்டிவிட்டு, உடையைப் பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். அன்று மகாராஜபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் பதினாறாம் நாள் காரியம். நானும் அம்மாவும் போய்விட்டு ஞாயிறு மாலை திரும்பினோம். என் உடை நாலாக மடிக்கப்பட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அழகாக அலமாரியில் இருந்தது. யூனிட்டில் ஆபரேஷன் கவுன்களை மடிப்பார்களே, அதே மடிப்பு. அண்ணன் எவ்வளவு அக்கறையாக எடுத்து வைத்திருக்கிறான் பார் என்று நினைத்தேன். உறையைப் பிரிக்க மனமில்லாமல் அப்படியே பைக்குள் வைத்தேன்.

தை பிறந்து வந்த முதல் ஞாயிறு சோதனை என்று முடிவானது.

அன்று காலையிலிருந்து வீடே விசித்திரமாக இருந்தது. அம்மா ஒரு சொல் திட்டவில்லை. துளசித் தீர்த்தம் கொடுத்து, “பாத்துப் போயிட்டு வா” என்றாள். மதினி, கூப்பிடாமலே, நானும் வாரேன் என்று கிளம்பினாள். அவள் பையில் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பி, இரண்டு துண்டு, எனக்கு மாற்றுடுப்பு ஒரு ஜோடி, போர்வை ஒன்று. “போர்வை எதுக்கு மதினி? நனையத்தான் மாட்டேனே” என்றேன். “கெடக்கட்டும் பாப்பா” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கண்மாய்க் கரையில் வாடை சுருசுருவென்று அடித்தது. தூரத்தில் கோபுரம் பனிக்குள்ளிருந்து பாதிதான் வெளியே வந்திருந்தது. அண்ணாச்சி பரிசலோடு தயாராக நின்றார். அண்ணன் முந்தின நாளே போன் பண்ணி, பக்கத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டானாம்.

உறையிலிருந்து எடுத்த உடையை, உள்பக்கம் திருப்பிப் பார்க்காமலே, கம்பளிக்கு மேல் மாட்டி, இடுப்பைச் சுருட்டி, பேண்டேஜைச் சுற்றினேன். மேலே மிதவைச் சட்டை. எவ்வளவு நல்ல உடையாக இருந்தாலும் அதன்மேல் மிதவைச் சட்டை கட்டாயம். உடை உடம்பைக் காய்ந்தபடி வைக்கும், மிதக்க வைப்பது அதன் வேலையல்ல. பிறகு கழுத்துப் பட்டையை விரலால் விலக்கிக்கொண்டு தரையில் குந்தி, உள்ளே அடைந்திருக்கும் காற்றை வெளியே தள்ளினேன். இல்லாவிட்டால் விழுந்ததும் காற்று காலுக்குப் போய், காலை மேலே தூக்கி, தலையைக் கீழே விட்டுவிடும்.

அப்போதுதான் அண்ணன் ஒரு நீளக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தான்.

“இத மிதவைச் சட்டையில கட்டிக்கிடு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிதவைச் சட்டையையே, ஏட்டி, மாசமா இருக்கவ மாதிரி இருக்க என்று கேலி பண்ணியவன் அவன். கவிழ்ந்த படகைப் பார்த்துக் கைதட்டியவன். “நான் என்ன கன்னுக்குட்டியா? கயிறு பாயில சிக்கிக்கிடும்ண்ணே.”

“கட்டுன்னா கட்டு. ஆழத்துக்கும் போகாத. இந்தா, இங்கனக்குள்ளயே கவுத்துப் பாரு.”

சண்டை போட நேரமில்லை, வீடியோ எடுக்க வேண்டியவனும் அவன்தான் என்பதால் கட்டிக்கொண்டேன். அவன் ஒரு கையில் கயிறும் இன்னொரு கையில் போனுமாக நின்றான்.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் ஓட்டிப்போய்ப் பாயை இழுத்துப் பிடித்து, உடம்பைத் தவறான பக்கம் சாய்த்தேன். படகு சாய்ந்தது. நான் பின்பக்கமாக, கிட்டத்தட்ட நிதானமாக, தண்ணீருக்குள் போனேன். முகத்தில் மட்டும் குளிர். மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தது. அந்த ஒரு மூச்சு நேரம் நான் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! வெளியே அத்தனை தண்ணீர் அழுத்துகிறது, உள்ளே நான் தனியாக, காய்ந்து இருக்கிறேன்.

பிறகு இடது தோளிலிருந்து முதுகு வழியாக ஒரு குளிர்ந்த நூல் இறங்கியது.

முதலில் நம்பவில்லை, வேர்வையோ என்று நினைத்தேன். நூல் கயிறானது. இடுப்பில், தொடையில், எங்கெங்கோ திறந்துகொண்டது. கம்பளி ஊறிச் சில்லிட்டது. படகின் அடிப்பலகையைப் பிடித்துத் தொங்கி நிமிர்த்திவிட்டேன், அதுவரை கை பழகிய வேலை. ஏறுவதுதான் முடியவில்லை. தண்ணீருக்குள் இருக்கும்வரை உடையிலுள்ள தண்ணீருக்குக் கனமில்லை. மேலே தூக்கினால்தான் அது கனக்கும். காலைத் தூக்கினால் காலில்லை, நிறைகுடம். நான் பெருமையாகச் சுற்றிய பேண்டேஜ் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டையும் வெளியே விடாமல் காவல் காத்தது. மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ சறுக்கி விழுந்தபோது கையில் வலு போய்விட்டிருந்தது.

அந்த நேரம் முழுக்க என் மனதில் ஓடியது இதுதான்: எந்தத் தையலை விட்டேன்? தோளில் டேப்பைத் துண்டு துண்டாக வெட்டியது தப்போ? சூடு போதவில்லையோ? பயத்தைவிட அதுதான் என்னைத் தின்றது. என் கையை நானே திட்டிக்கொண்டே தண்ணீருக்குள் கிடந்தேன்.

அண்ணாச்சி பரிசலைக் கொண்டுவந்து ஒட்டினார். அண்ணன் கயிற்றை இழுத்தான். கரையில் கொண்டுவந்து போட்டதும் என்னால் நிற்க முடியவில்லை. அண்ணாச்சி என் காலிலிருந்த ரப்பர் உறையின் ஒட்டைப் பிய்த்துவிட, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

“ஏ தாயி, ரெண்டு குடம் இருக்கும்போலயே. உள்ள கெண்டை கிண்டை சிக்கியிருந்தா குடுத்துட்டுப் போ. குத்தகை என்னோடது.”

எனக்கும் சிரிப்பு வந்தது. பல்லடித்துக்கொண்டே சிரித்தேன். அண்ணன் குனிந்து கேட்டான்.

“தையல் வழியா வந்துச்சா, துணி வழியாவா?”

நான் சிரிப்பை நிறுத்தினேன். தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்று கண்ணுள்ள எவருக்கும் தெரியும், அது சரி. ஆனால் துணி வழியாக வரும் என்று எவரும் நினைக்க மாட்டார்கள். பூச்சுத் துணி வழியாகத் தண்ணீர் வராது. மாடியில் தொங்கவிட்டு ஊற்றிப் பார்த்தபோது அவனும்தானே பக்கத்தில் நின்றான்.

மதினி போர்வையைப் போர்த்த வந்தாள். நான் விலக்கிவிட்டு உடையைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பினேன். வெயிலில் வெந்த தோல் உரிவதுபோலப் பூச்சு திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. என் டேப்புகள் ஓரத்தில் வாய் பிளந்திருந்தன. சில இடங்களில் யாரோ அவற்றை மறுபடி தேய்த்து ஒட்டியிருந்தார்கள். இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த தடம் தெரிந்தது, நான் அப்படித் தேய்ப்பதில்லை. கழுத்துப் பட்டைக்குக் கீழே, உள்மடிப்பில், ஒரு நீல நூல் முடிச்சு.

எங்கள் யூனிட்டில் தைத்த எதுவும் கொதிக்கிற சோடாத் தண்ணீரில் அலசாமல் வெளியே போகாது. கவுனோ, கட்டுத்துணியோ, எதுவானாலும் அதுதான் வழக்கம். கிருமி போக வேண்டும், துணி தண்ணீர் குடிக்கப் பழக வேண்டும். அலசி எடுத்ததும், அலசியாயிற்று என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு நீல நூலைக் குத்தி முடிச்சுப் போடுவார்கள்.

நூலை விரலில் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தேன்.

“வேணும்னு யாரும் பண்ணலட்டி” என்றான். “அலசுற அக்காவுக்குத் தெரியாது. மேசைப் பக்கம் தொங்கிச்சு, தைச்ச உருப்படிதானேன்னு எடுத்துப் போட்டுருச்சு.”

“எப்ப?”

“சனிக்கிழமை. நீங்க காரியத்துக்குப் போயிருந்தீகள்ல, அன்னைக்கு.”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

அவன் கீழே கிடந்த கயிற்றைக் குனிந்து எடுத்தான்.

“அண்ணே, ஒனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னைக்குச் சாயந்தரமே.”

“அப்ப ஏன் சொல்லல? நான் ஞாயித்துக்கெழம வந்தேன். பொறவு எத்தன நாள் ஒரே வீட்டுல ஒரே சோத்தத் தின்னோம்?”

“சொன்னா என்ன பண்ணிருப்ப? ஒக்காந்து இன்னொண்ணு தைச்சிருப்ப.”

“ஆமா. தைச்சிருப்பேன்.”

“அதான்.” அவன் கயிற்றைக் கையில் சுற்ற ஆரம்பித்தான். “கரைக்கிட்ட, கயிறோட, நாங்க பாத்துக்கிட்டு இருக்கையில ஒரு தடவ நனைஞ்சுட்டா நீயே கடலு வேண்டாம்னு விட்டுருவன்னு நெனச்சோம்.”

“நெனச்சோமா? யாரு யாரு?”

மதினி ஃபிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றிக்கொண்டே இருந்தாள். மூடி நிறைந்து வழிந்தது.

எனக்கு அப்போது ஒவ்வொன்றாகப் புரிந்தது. அம்மா திட்டாதது. தீர்த்தம். போர்வை. அண்ணாச்சிக்குப் போன முந்தின நாள் போன். கயிறு. அந்தக் காலை என்மேல் பொழிந்த அத்தனை அன்பும் நான் தோற்கப்போவதற்கான ஏற்பாடு. உடை கெட்டுப்போனது விபத்து. கெட்டுப்போன உடையை மறுபடி தேய்த்து, மடித்து, உறையிலிட்டு, என் அலமாரியில் வைத்தது விபத்து இல்லை. உட்கார்ந்து, சூடு பார்த்து, ஒவ்வொரு டேப்பாகத் தேய்த்திருக்கிறான். எனக்குச் சந்தேகம் வராதபடி.

“செத்துருந்தா?” என்றேன்.

“கயிறு கட்டிருந்தேன்ல?” என்றான் உடனே. அவன் முகத்தில் உண்மையிலேயே வலி இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அவன் நம்பினான். பாதுகாப்புக்காகத்தான் நானும் அந்த உடையைத் தைத்தேன், அதே பாதுகாப்பைச் சொல்லித்தான் அவனும் என்னை ஏமாற்றினான். “நான் பொறுப்பு” என்று அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னது எனக்கா, அம்மாவுக்கா என்று இப்போது எனக்குத் தெரியும்.

அண்ணாச்சி ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “செத்த நேரம் கழிச்சுச் சண்டை போடுங்கப்பா. பிள்ளை நடுங்குது” என்றார். நான் போர்வையை எடுத்துக்கொண்டேன். காப்பியைக் குடிக்கவில்லை.

மறுநாள் யூனிட்டில் அலசுகிற அக்கா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வந்தார். “கலரு போயிரும்னு தனியாத்தான் போட்டேன் பாப்பா. மெஷின் எண்ணெ வேற அங்கங்க பட்டிருந்துச்சா, ரெண்டு கை சோடா கூடப் போட்டு வெளுத்துக் குடுத்தேன். நல்லா இருந்துச்சா?” அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. “அண்ணாட்ட காட்டுனேன், நான் பாப்பாட்ட சொல்லிக்கிடுதேன்னு அவிய வாங்கிட்டுப் போயிட்டாவ” என்றார். நல்லா இருந்துச்சுக்கா என்றேன். அவர்மேல் எனக்குத் துளி கோபமில்லை. எங்கள் ஊரில் துணிக்குச் செய்ய வேண்டிய மரியாதை எதுவோ அதைத்தான் அவர் என் உடைக்கும் செய்திருந்தார்.

அண்ணனோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். உப்பை எடு, கதவைச் சாத்து, நாளைக்கு லோடு எப்ப வரும். அவன் அதற்குமேல் பேசப் பார்க்கிறான். ஒருநாள் என் முன்னால் புதிதாக ஒரு டேப் உருளையைக் கொண்டுவந்து வைத்தான். “நல்ல கம்பெனி. ஒட்டுச்சுன்னா பிரியாதாம்.” நான் அதைத் தொடவில்லை. அவன் ஒட்டியவற்றைப் பார்த்துவிட்டேன். அம்மா மட்டும் எதுவுமே நடக்காததுபோல், “எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான்” என்று ஒரே ஒரு முறை சொன்னாள். நன்மை செய்கிறவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாமே என்று கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அதனால் கேட்கவில்லை.

பயிற்சியாளருக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன், வீட்டுச் சங்கதியை விட்டுவிட்டு. உடை தவறுதலாகச் சோடாத் தண்ணீரில் வெந்துவிட்டது என்றதும் அவர் நிறைய நேரம் சிரித்தார். மாசி பிறப்பதற்குள் வீடியோ வந்துவிட்டால் போதும் என்றார்.

ஆகவே மறுபடி தைக்கிறேன். யூனிட்டில் இல்லை, வீட்டிலும் இல்லை. என்னோடு படித்தவள் ஒருத்தி ஸ்ரீவில்லிபுத்தூரில் நைட்டி தைக்கிற கடை வைத்திருக்கிறாள். மத்தியானம் தையல்காரர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் ஒரு மெஷின் எனக்கு. வேலை முடிந்ததும் துணியைப் பைக்குள் போட்டு அவளுடைய பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். “என்னடி, நகையா?” என்று கேட்டாள். கிட்டத்தட்ட, என்றேன். தோளில் தையலைச் சற்று முன்பக்கம் தள்ளியிருக்கிறேன், வளைவு குறைகிறது, டேப் சுலபமாகப் படிகிறது. கால்சட்டையின் இரண்டு கணுக்கால்களிலும் இறுக்கி மூடித் திறக்கிற ஒரு சின்ன வழி வைத்திருக்கிறேன், எப்போதாவது உள்ளே தண்ணீர் போனாலும் திறந்து வடித்துவிட்டு ஏறலாம். இது முதல் உடையில் இல்லை. அண்ணன் கற்றுக்கொடுத்தது என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் அந்தக் காலையில்தான் கற்றுக்கொண்டேன்.

நேற்றுச் சாப்பிடும்போது அண்ணன் மெல்லக் கேட்டான். “அடுத்து எப்ப எறங்குத?”

“சொல்லுதேன்” என்றேன்.

சொல்லவில்லை. அண்ணாச்சியிடம்தான் சொல்லியிருக்கிறேன். பரிசலோடு என் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நான் கையைத் தூக்கினால் உடனே வர வேண்டும், வீடியோவும் அவரே எடுக்க வேண்டும். “துடுப்பையும் புடிச்சிக்கிட்டு, போனையும் புடிச்சிக்கிட்டு, எனக்கென்ன நாலு கையா? எந்தப் பொத்தானை அமுக்கணும்னு வந்து காட்டிக் குடுத்துட்டுக் கவுந்துக்கோ” என்றிருக்கிறார். அவர் மகளையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன், போன் பிடிக்க. அவளுக்குப் பரிசலும் தள்ளத் தெரியும்.

வருகிற ஞாயிறு காலை, வெயில் நன்றாக ஏறிய பிறகு. முதலில் இடுப்பளவு தண்ணீரில் குந்தி உட்கார்ந்து எழுந்து, கரையேறி உடையைக் கழற்றி உள்ளே பார்ப்பேன். சரியென்றால் மறுபடி மாட்டிக்கொண்டு நெஞ்சளவுக்குப் போவேன், மறுபடி கழற்றிப் பார்ப்பேன். அதுவும் சரியென்றால்தான் படகு. கவிழ்த்து, நிமிர்த்தி, ஏறி, கரைக்கு ஓட்டிவந்து, போனுக்கு முன்னால் நின்று கழுத்துப் பட்டையை விலக்கி உள்ளே கையை விடுவேன். முதலில் தொட்டுப் பார்க்கப்போவது இடது தோள்.